ஏழாம் வகுப்புக் கதவு

எங்கள் பள்ளியில் சமையலறை ஒன்றுதான்.
எலினெட் காலை ஏழுக்கே உருளைக்கிழங்கு உரிக்கத் தொடங்குவாள்.
ஜன்னலுக்கு வெளியே வேல்ஸ் மழை
மலைச்சரிவை விட்டு இறங்க மனமில்லாமல் நிற்கும்.
ஒரே அண்டா. ஒரே கரண்டி.
பச்சை மங்க வெந்த ஒரே பட்டாணி.

கதவுதான் இரண்டு.

இடது கதவு சின்னவர்களுக்கு.
ஆறாம் வகுப்பு வரை அரசாங்கச் சாப்பாடு;
தட்டை நீட்டினால் போதும்,
யாரும் எதுவும் கேட்பதில்லை.
வலது கதவில் நான் இருக்கிறேன்,
நானும் விரல் வைக்கும் இயந்திரமும்.

விரல் வைத்தால் பெயர் வரும்,
பெயருக்குக் கீழே கணக்கு வரும்.
பச்சை என்றால் போகலாம்.
சிவப்பு என்றால் குரலைத் தாழ்த்திச் சொல்ல வேண்டும்,
பயிற்சியில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.
தாழ்த்திய குரலைத்தான்
வரிசை முழுக்கக் காது கொடுத்துக் கேட்கும்.

செப்டம்பரில் ஹெலெத்
இடது கதவிலிருந்து வலது கதவுக்கு வந்தாள்.
ஜூலை வரை சாப்பிட்டவள்தான்.
கோடை விடுமுறையில் ஓர் அங்குலம் வளர்ந்திருந்தாள்,
அவ்வளவுதான் குற்றம்.
அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில் இரவு வேலை.
வரம்புக்கு மேல் வாரத்துக்கு ஒன்பது பவுண்டு வருகிறதாம்.
அந்த ஒன்பதில்
ஐந்து மதியங்களை வாங்கிப் பாருங்கள்.

முதல் சிவப்பு ஒரு செவ்வாய்க்கிழமை.
"பசிக்கல, மிஸ்" என்றாள்.
பதினொரு வயதில் இதை எங்கே கற்றுக்கொள்கிறார்கள்?
எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை.

தம்பி டைலோ இடது கதவுக்காரன்.
மணி அடித்ததும் நடைவழிக்கு ஓடிவந்து
காகிதத்தில் சுற்றிய ஒரு வறுத்த கிழங்கை
அவள் கோட்டுப் பைக்குள் போடுவான்.
பேசமாட்டான். அவளும் திரும்பமாட்டாள்.
கடத்தல்காரர்கள் அப்படித்தான்.

இயந்திரத்தின் மூலையில் ஒரு பொத்தான் உண்டு:
'சோதனை உணவு.'
கருவி வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்கு.
பார்த்தேன்.
ஹெலெத்தின் விரலை வைத்துப் பார்த்தேன்.
நன்றாகத்தான் வேலை செய்தது.
மறுநாளும் பார்த்தேன்.

மார்ச்சில் தணிக்கைக்கு வந்தவர்
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:
"இருநூற்றுப் பன்னிரண்டு சோதனைகளா, திருமதி ப்ரோஸர்?"
"பழைய கருவி" என்றேன்.
அவர் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார்;
சிரித்தாரா என்று தெரியவில்லை.
எச்சரிக்கைக் கடிதம் வீட்டுக்கு வந்தது,
இருப்பதிலேயே மலிவான தபால்தலையோடு.

மே மாதம், மன்றக் கூட்டம்.
இலவச உணவை மேல் வகுப்புகளுக்கும் நீட்டிப்பதா என்று விவாதம்.
எனக்கு மூன்று நிமிடம் கொடுத்தார்கள்.
எழுதிக்கொண்டு போனது மறந்துவிட்டது.
"ஒரே அண்டாவை வைத்துக்கொண்டு
பந்திவஞ்சனை செய்கிறோம்;
அதற்கு எனக்குச் சம்பளம் வேறு" என்றேன்.
பாக்கி இரண்டரை நிமிடம் என்ன செய்வதென்று தெரியாமல்
நின்றுகொண்டிருந்தேன்.

ஓர் உறுப்பினர் கேட்டார்:
"கோட்டை எங்காவது போட்டுத்தானே ஆக வேண்டும்?"
நியாயமான மனிதர்.
அவர் தேநீருக்குப் பக்கத்தில் மூன்று பிஸ்கட் இருந்தன,
யாரும் விரல் கேட்காமல்.

எட்டாம் வகுப்பு வரை என்று முடிவாயிற்று.
கோட்டை அழிக்கவில்லை,
கொஞ்சம் தள்ளிப் போட்டார்கள்.

இந்தச் செப்டம்பரில் ஹெலெத்
பழக்கதோஷத்தில் விரலை நீட்டினாள்.
"வேண்டாம், போ."
எதையோ மறந்துவிட்டு வந்தவள்போல் நின்றாள்.
பிறகு எலினெட்டிடம் போய்,
"பட்டாணி வேண்டாம், எனக்குப் பிடிக்காது" என்றாள்.
ஒரு வருஷமாக வாய்க்குள் வைத்திருந்த வாக்கியம்.
டைலோ இன்னமும் கிழங்கு கொண்டுவருகிறான்;
சொன்னால் கேட்பதில்லை.

அவளுக்குப் பின்னால் யெஸ்டின்.
ஒன்பதாம் வகுப்பு.
மணிக்கட்டு சட்டைக்கையைத் தாண்டி வளர்ந்திருக்கிறது.
விரல் வைத்தான்.
சிவப்பு.
"பசிக்கல" என்றான்,
புதிதாக உடைந்த ஆண்குரலில்.

கருவி பழையதுதான்.
சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.